சுவிசேஷத் தேர்வுக்குப் படித்த விதம்: துவாஸ் ரயிலிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் சபையில் மாலை வகுப்பாக ஒரு சான்றிதழ் படிப்பு நடக்கிறது. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களை (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்) வைத்து, அன்றாட வாழ்க்கையில் அருட்பணி, அதாவது கடவுளால் அனுப்பப்பட்டுச் செய்யும் பணி என்றால் என்ன என்று படிக்கும் பாடம் அதில் ஒன்று. முதல் முறை எழுதியபோது நான் தேறவில்லை, இரண்டாம் முறை தேறினேன். இந்த ஆண்டு சேர்ந்திருப்பவர்கள் எப்படிப் படிப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சிங்கப்பூரில் எனக்கு வீடு பாசிர் ரிஸ். வேலை துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில், பாதுகாப்பு மேற்பார்வை. கிழக்கு மேற்கு ரயில் பாதையின் ஒரு கோடியில் ஏறி மறுகோடியில் இறங்குகிறேன். போக ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே அளவு. முதல் நிலையத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். படிப்பெல்லாம் அந்த இருக்கையில்தான் நடந்தது. தனி அறை, மேசை, அமைதி எல்லாம் அமைந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முதல் முறை எங்கே தவறினேன் என்று சொல்லிவிடுகிறேன். வசனங்களை மனப்பாடம் செய்தேன். மத்தேயு 28, யோவான் 20, லூக்கா 4 என்று அனுப்புதல் பற்றிய பகுதிகளையெல்லாம் ஒப்பித்துப் பழகி, விடைத்தாளில் அப்படியே இறக்கினேன். எங்களுக்குப் பாடம் எடுப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. நாங்கள் டீச்சர் என்றே கூப்பிடுவோம். திருத்திக் கொடுத்த தாளின் ஓரத்தில், "வசனம் எல்லாம் சரி. இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை.

இரண்டாம் முறை மாற்குவில் தொடங்கினேன். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து 89 அதிகாரம். மாற்குவில் 16 மட்டுமே. துண்டு துண்டாக வேண்டாம், ஒரே மூச்சில் படியுங்கள். பாசிர் ரிஸில் ஆரம்பித்தால் துவாஸ் லிங்க் வருவதற்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும். அப்படிப் படிக்கும்போதுதான் அதன் வேகம் பிடிபடும். 'உடனே' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் மாற்குவில் 40 முறைக்கு மேல் வருகிறதாம். இயேசு ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆனால் போகிற வழியில் யார் குறுக்கே வந்தாலும் அவருக்காக நிற்கிறார்.

அப்படிப் படித்த ஒரு காலையில்தான் ஐந்தாம் அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. கதரேனர் நாட்டில் பேய் பிடித்துக் கல்லறைகளில் திரிந்த மனிதன், அவனுக்குள் இருந்த லேகியோன் என்ற ஆவிக் கூட்டம், அந்த ஆவிகள் புகுந்த 2,000 பன்றிகள். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. அதன் கடைசி இரண்டு மூன்று வசனங்களை மட்டும் நான் நின்று பார்த்ததே இல்லை. சுகமான அந்த மனிதன் இயேசுவோடு படகில் ஏறக் கெஞ்சுகிறான், அவர் சம்மதிக்கவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் ஆட்களிடம் நடந்ததைச் சொல் என்று திருப்பி அனுப்புகிறார்.

இது ஏன் என்னைத் தொட்டது என்றால், அந்தச் சமயத்தில் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மிஷனரி என்றாலே எனக்கு, 1706இல் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குதான் நினைவுக்கு வருவார். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சேறியதற்கு அவர்தான் காரணம். அவரை நினைத்தால் இன்றும் நன்றியாக இருக்கிறது. ஆனாலும், அனுப்பப்படுவது என்றால் ஊரைவிட்டுப் போவது என்ற ஒரே படத்தை நான் மனதில் மாட்டி வைத்திருந்தேன். கூட வருகிறேன் என்று கெஞ்சியவனையே இயேசு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் அந்த ஊரார் இயேசுவைத் தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி வேண்டிக்கொள்கிறார்கள். அந்த மனிதன் தெக்கப்போலி என்ற அந்த வட்டாரம் முழுவதும் சொல்லித் திரிகிறான். ஏழாம் அதிகாரத்தில் இயேசு மறுபடி அந்தத் தெக்கப்போலிப் பக்கம் வரும்போது, காது கேளாத ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து அவன்மேல் கை வைக்கும்படி கேட்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று மாற்கு சொல்லவில்லை. என் விடையில் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவன் நடுவில் இருந்தான் என்று மட்டும் எழுதினேன்.

சரி, டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூரில் 'ஊழியர்' என்ற சொல்லை எங்கு பார்த்தாலும் பார்க்கலாம். தமிழ்ச் செய்தியில் வெளிநாட்டு ஊழியர், பட்டறைச் சுவரொட்டியில் ஊழியர் பாதுகாப்பு. ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் நுழைந்தால் அதே சொல்லுக்குப் பொருள் மாறிவிடுகிறது. அங்கே ஊழியர் என்றால் போதகர். ஊழியம் என்றால் பிரசங்கம், ஜெபக்கூட்டம், கைப்பிரதி. ஆறு நாள் நானும் ஓர் ஊழியர்தான், ஆனால் ஏழாம் நாள் அந்தப் பெயர் எனக்கு இல்லை என்றே நினைத்து வந்திருக்கிறேன். இந்த இரண்டு ஊழியத்தையும் ஒன்றாக வைத்துப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பாடம் புரிந்தது. எங்கள் படிப்புக் குழுவில் இருக்கும் தாதி ஒருவர் இதை என்னைவிட முன்பே கண்டுபிடித்திருந்தார். மாற்கு முதல் அதிகாரத்தில், சீஷனான சீமோனின் மாமியை இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், காய்ச்சல் நீங்கி அவள் பணிவிடை செய்கிறாள். "நோயாளியைக் கையைப் பிடிச்சுத் தூக்கி உக்கார வைக்கிறது என் வேலை. பணிவிடையும் என் வேலை. ரெண்டுமே ஒரே வசனத்துல இருக்கு பாருங்க" என்றார்.

ஒரே நிகழ்ச்சியை நான்கு சுவிசேஷங்களிலும் ஒப்பிடும் கேள்வி நிச்சயம் வரும். அதற்கு 5,000 பேருக்கு உணவளித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு செய்த அற்புதங்களில் நால்வரும் எழுதியிருப்பது அது ஒன்றுதான். ஐந்து வாற்கோதுமை அப்பத்தோடு இருந்த சிறுவன் யோவானில் மட்டும் வருகிறான். 200 வெள்ளிக்காசுக்கு அப்பம் வாங்க வேண்டுமே என்ற கணக்கு மாற்குவிலும் யோவானிலும் வருகிறது. மத்தேயு 20ஆம் அதிகாரப்படி ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. அப்படியானால் ஒரு தொழிலாளியின் 200 நாள் சம்பளம்! அட்டவணை போட்டு வைத்துக்கொண்டால் போதும், நேரம் அதிகம் செலவழிக்க வேண்டாம்.

மத்தேயு 28க்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. "புறப்பட்டுப்போய்" என்பது தமிழில் வினையெச்சம். கிரேக்கத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே முற்று வினை சீஷராக்குவது, போவது அதைச் சார்ந்து நிற்கும் வினை. போவதும் கட்டளையில் அடங்கியதுதான். ஆனாலும் வாக்கியம் போவதில் முடியவில்லை. எங்கே போனோம் என்பதைவிடப் போன இடத்தில் என்ன செய்தோம் என்பதில்தான் வாக்கியம் முடிகிறது. நான் தினமும் துவாஸுக்குப் போய்... அதற்கு அடுத்த வினை என்ன? இதை ஒரு தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் நண்பர் ஒருவர் கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பைக் கொடுத்து உதவினார். லூக்கா 10இல் எங்கள் வேதாகமம் 70 பேரை அனுப்புகிறது, அவருடையதில் 72 பேர். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிலேயே இந்த வேறுபாடு உண்டு. இப்படிப்பட்ட இடம் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள், கேள்வியாக வரும்.

அதே லூக்கா 10இல் நான் தவறவிட்ட வரி, உங்கள்முன் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்பது. அனுப்பப்பட்டவர்கள் கொடுக்கிறவர்களாகப் போகவில்லை. பையும் இல்லாமல், பணமும் இல்லாமல், விருந்தாளியாகப் போகிறார்கள். இங்கே இது முக்கியம் என்று நினைக்கிறேன். 2020 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு. பல சமயத்தார் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் ஊர், சமய நல்லிணக்கத்துக்கு 1990இலேயே தனிச் சட்டம் போட்ட ஊர். சட்டத்தை விடுங்கள். என் கீழே வேலை பார்ப்பவரிடம் நான் கைப்பிரதி நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? என் கையெழுத்தில் அவருடைய பிழைப்பு இருக்கிறது. ஆகவே நான் நீட்டுவதில்லை. ஊழியர்களுக்கு விடியற்காலையில் வந்து சேரும் பொட்டலச் சாப்பாடு மதியத்துக்குள் ஆறிப்போய், சில நாள் குழம்பு லேசாகப் புளித்தும் இருக்கும். நான் அவர்களோடு தரையில் உட்கார்கிறேன். அவர்கள் முன்னால் வைப்பதைச் சாப்பிடுகிறேன். சாப்பாடு கெட்டிருந்தால் அதை அலுவலகத்தில் போய்ச் சொல்ல, அதைச் சாப்பிட்டவன் என்ற உரிமை எனக்கு இருக்கிறது.

தேர்வில் எழுதிய இன்னொரு சம்பவத்தையும் சொல்கிறேன். கப்பல் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் காற்றைச் சோதித்துப் பெர்மிட்டில் கையெழுத்திட வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் மீட்டர் 19.1 காட்டியது. வேலை ஏற்கெனவே தாமதம். "அரைப் புள்ளிகூட இல்லையே, போடுங்க" என்றார்கள். மீட்டர் 19.1க்கும் 19.3க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ஏணிப் பக்கத்தில் நான்கு பேர் வார் மாட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று காலை ரயிலில் மத்தேயு 5 படித்திருந்தேன்: உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள். காற்றூதியை மறுபடி ஓடவிட்டோம். நாற்பது நிமிடம் கழித்து 20.6 வந்தது, அப்புறம் கையெழுத்திட்டேன். அந்த நாற்பது நிமிடமும் யாரும் என்னோடு பேசவில்லை. இதை எழுதியதற்கு டீச்சர் முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்.

தேர்வு நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று மணி நேரம், நான்கு கேள்வி. பகுதியின் முன்பின் என்ன என்று இரண்டு வரி, பகுதிக்குள் நீங்கள் கண்ட ஒரு நுணுக்கம், அப்புறம் உங்கள் வேலையிடத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ ஓர் உண்மைச் சம்பவம். இந்த வரிசை எனக்கு உதவியது. நம்மில் பலருக்குப் பெரிய சிக்கல் கையெழுத்துதான். பள்ளி முடித்த பிறகு தமிழைக் கையால் எழுதுவதே நின்றுபோகிறது. பேசுகிறோம், கைப்பேசியில் தட்டுகிறோம், ஆனால் மூன்று மணி நேரம் பேனா பிடித்தால் விரல் இழுத்துக்கொள்கிறது. 'ற'வும் 'ர'வும் குழம்புகின்றன. இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே தினம் ஒரு பக்கம் கையால் எழுதுங்கள். அன்று படித்த பகுதியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். என் மகளுடைய பழைய பயிற்சி ஏட்டின் மீதிப் பக்கங்களை நான் அப்படித்தான் நிரப்பினேன்.

கடைசியாக, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன். எல்லோருக்கும் தெரிந்த பகுதி என்று தள்ளிவிடாதீர்கள். எண்ணெய், திராட்சரசம், கழுதை வரைக்கும் எல்லோரும் எழுதுவார்கள். அதற்கு அடுத்த வசனத்தைப் பாருங்கள். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, அதிகம் செலவானால் நான் திரும்பி வரும்போது தருவேன் என்கிறான். அவன் அந்த வழியாகத் திரும்பி வருவான்.

போன வாரம் எங்கள் பட்டறையில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு இயந்திரத்தில் கை மாட்டி இரண்டு விரலில் தையல். அன்று மருத்துவமனைக்குக் கூடப் போனேன். அதற்குப் பிறகு தங்குவிடுதிக்கு இரண்டு முறை போய்வந்தேன். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி மருத்துவ விடுப்பு நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆங்கிலப் படிவத்தைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். "ஏண்ணே திரும்பத் திரும்ப வர்றீங்க?" என்று அவரே கேட்டதால், எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் கதையைச் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"அப்ப அடிபட்ட அந்த ஆள் பொழச்சுக்கிட்டாரா அண்ணே?"

லூக்கா அதை எழுதவில்லை என்றேன். வருகிற புதன்கிழமை அவருக்குத் தையல் பிரிக்கிறார்கள். கூடப் போக அரை நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.