மலாக்கா ஆற்றோரம், அப்பாவுடன் இரண்டு இரவு

மலாக்கா போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் சொல்வது, சனிக்கிழமை போகாதீர்கள் என்பதுதான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ராத்திரியும் ஜோங்கர் தெருவில் இரவுச்சந்தை, பாதி சிங்கப்பூர் அங்கேதான் நிற்கும். நாங்கள் இரண்டு நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டு ஞாயிறு மதியம் சிங்கப்பூரில் மலேசியா பஸ் ஏறினோம். எல்லோரும் திரும்பி வருகிற நேரம் என்பதால் துவாஸ் குடிநுழைவில் எங்கள் பக்கம் காற்று வாங்கியது.

அப்பாவுக்கு 77 வயது. வெளியூர் என்றால் அவருக்கு இந்தியா, அதிலும் கோயில் இருக்க வேண்டும். மலாக்காவில் என்ன இருக்கு என்று கேட்டார். ஆற்றங்கரையில் அறை எடுத்திருக்கிறேன் என்றேன். "ஏன், நம்ம ஊர்ல ஆறு இல்லையா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை, டிக்கெட் வாங்கியாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

விடுதி என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. பழைய கடைவீடு, மொத்தம் ஆறு அறை. முன்வாசல் தெருவைப் பார்த்து, பின்வாசல் ஆற்றைப் பார்த்து, நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகிறது. அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் வாசல் அகலத்துக்கு வரி போட்டதால்தான் எல்லாரும் இப்படிக் குறுக்கி நீட்டிக் கட்டினார்கள் என்று அங்கே சொல்வார்கள். நடுவில் மேலே திறந்த முற்றம், மழை நேராக உள்ளே விழும். எனக்குச் செட்டிநாட்டு வீடு ஞாபகம் வந்தது. அப்பா வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது கிட்டங்கி மாதிரியே இருக்கே" என்றார்.

அதற்கு நான் காது கொடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கு அப்போது கோபம். முழங்கால் வலிக்காரர் என்று சொல்லிக் கீழறைதான் பதிவு செய்திருந்தேன், கிடைத்தது மாடியறை. கீழறையில் குழாய் உடைந்துவிட்டதாம். படிக்கட்டோ ஏணியைக் கொஞ்சம் சாய்த்து வைத்த மாதிரி இருந்தது. கல்லாவில் இருந்த சீனப் பாட்டியிடம் நான் ஆங்கிலத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அப்பா நடுவில் புகுந்து மலாயில் ஏதோ சொன்னார், பாட்டி சிரித்தார், இரண்டு நிமிடத்தில் இருவரும் ஒரே வயதுக்காரர்கள் என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. பழைய ஆட்களின் பசார் மலாய்க்கு, அதாவது சந்தை மலாய்க்கு, முன்னால் நம் ஆங்கிலம் ஒன்றுமே இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கான சுற்றுலா வரி, அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட், அதை மட்டும் தள்ளுபடி செய்ய முடியாது என்றார் பாட்டி.

ஞாயிறு ராத்திரி தூங்க முடியவில்லை. ஆற்றில் கலர் விளக்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி, எதிர்க்கரையில் ஒருவர் கிதார் வைத்துக்கொண்டு பாடுகிறேன் என்று என்னவோ செய்துகொண்டிருந்தார், தெருப்பக்கம் ஹலோ கிட்டி பொம்மை வைத்த ரிக்‌ஷாக்கள் பாட்டு அலறப் போய்க்கொண்டிருந்தன. அறை எடுக்கும்போது காட்டிய படத்தில் ஆறு மட்டும்தான் இருந்தது, சத்தம் இல்லை. அப்பா காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் திங்கள் காலை ஆறு மணி. இதற்காகத்தான் அங்கே தங்க வேண்டும். அங்கே பொழுது விடியவே ஏழு ஆகிறது. இருட்டில் பாங்கு சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால் அப்பாவின் கட்டில் காலி. பதறிப்போய்க் கீழே ஓடினால், பின்பக்கத் திண்ணையில் பாட்டி போட்டுக் கொடுத்த கோப்பி ஓவை, பால் இல்லாத காப்பியை, வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஆறு அசையவே இல்லை, தே தாரேக் என்கிற ஆற்றிய பால் டீ நிறத்தில் கிடந்தது. நல்ல நீளமான உடும்பு ஒன்று தலையை மட்டும் தூக்கிக்கொண்டு குறுக்கே நீந்திப் போனது.

அப்போதுதான் கிட்டங்கிக் கதை வந்தது. 1964ல் அப்பா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் எடுபிடிப் பையன். கிட்டங்கி என்றால் இப்படியே நீளமான கடைவீடு, உள்ளே வரிசையாகச் செட்டியார்கள், ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, அவ்வளவுதான் வட்டிக்கடை. இவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் இருக்கிற போட் கீ கிடங்குகளுக்கு ஓடுவாராம். "தொங்கான் மேலேயே கால் வச்சு வச்சு அந்தக் கரைக்குப் போயிடலாம், அவ்வளவு நெருக்கம்" என்றார். தொங்கான் என்றால் சரக்குப் படகு. நாற்றம்? "மூக்கைப் பிடிச்சா எப்படி ஓடுறது? பழகிடும்." அரிசி, ரப்பர், கருவாடு, மனிதக் கழிவு எல்லாம் சேர்ந்த ஒரு வாடையாம். 1977ல் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்ய ஆரம்பித்து பத்து வருஷம் ஆனது என்பதும், 1983ல் படகுகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள் என்பதும் நமக்குப் பள்ளியில் படித்த விஷயம். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இவர் அந்த ஆற்றில் தொங்கான் தாண்டியவர் என்பது எனக்கு மலாக்காவில்தான் தெரிந்தது.

ஊர் சுற்றியதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1511ல் போர்த்துகீசியர், 1641ல் டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர், எல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது. போர்த்துகீசியர் கோட்டையில் மிச்சம் ஒரே ஒரு வாசல். ஒரு காலத்தில் கடல் அதன் பக்கத்தில் இருந்ததாம், இப்போது கடலைத் தூர்த்து அங்கே கடைத்தொகுதி கட்டியிருக்கிறார்கள். கடலோர ஊருக்கு வந்து கடல் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. "நம்ம பீச் ரோடு மாதிரி" என்றார் அப்பா. சிங்கப்பூரில் பேரில் மட்டும் பீச் இருக்கிற தெரு அது.

தட்டார் தெருவில், அதாவது ஜாலான் துக்காங் எமாஸில், பொய்யாத விநாயகர் கோயில். 1781ல் கட்டியது, மலாக்கா செட்டிகளுடையது. சில எட்டு தள்ளி 1748ம் வருஷத்துக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதன் கோபுரம் சீனர்களின் அடுக்குக் கோபுரம் மாதிரி இருக்கிறது. கோயிலில் நெற்றி நிறைய திருநீறோடு ஒரு பெரியவர். அப்பா தமிழில் கேட்டதற்கு அவர் மலாயில் பதில் சொன்னார். சுல்தான்கள் காலத்திலேயே வந்து இங்கேயே பெண் எடுத்த தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள், சாமி அப்படியே இருக்கிறது, வீட்டுப் பேச்சு மலாயாகிவிட்டது. இருபது நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்த அப்பா, "நம்ம பேரப்பிள்ளைங்க எந்த பாஷையில சாமி கும்பிடுறாங்க?" என்று கேட்டார். என் பிள்ளைகளைத்தான் சொல்கிறார். நான் செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்புக் கடை எங்கே என்று தேட ஆரம்பித்தேன். கடை திறந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று, திங்கட்கிழமை பாதிக் கடை மூடித்தான் கிடக்கிறது. குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லப் பாகைக் கெட்டியாக ஊற்றிக் கொடுத்தார்கள், நம் காப்பிக்கடைகளில் தண்ணீர் மாதிரி வருகிற பாகை இனிமேல் எப்படிச் சாப்பிடுவது என்று தெரியவில்லை.

திங்கள் ராத்திரி கிதார்க்காரரும் வரவில்லை, நன்றாகத் தூங்கினேன். செவ்வாய் கிளம்பும்போது பாட்டி அப்பாவுக்கு மட்டும் அன்னாசி டார்ட் ஒரு டப்பா கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவே கூப்பிட்டு, போட் கீ போகலாமா என்றார். மார்க்கெட் ஸ்திரீட்டில் அண்ணாந்து பார்த்தார், கிட்டங்கி இருந்த இடம் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்புறம் ஆற்றுக்கு நடந்தோம். தண்ணீருக்கு இறங்கும் பழைய படி ஒன்றின் மேல் நின்றுகொண்டு மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"நாத்தமே இல்லையே" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.