தூர்மலே அடிவாரத்தில் ஒரு கொல்லன் பட்டறை

லூர்து மாதா கோவிலுக்கு வரும் நம்மவர்களில் பலர் மெழுகுவர்த்தி ஏற்றி, தீர்த்தப் புட்டிகளை நிரப்பிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில், பிரெனீஸ் மலையடிவாரத்தில், செந்த் மரி து கம்பான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. "பூசைக்கு நிற்காமல் எங்கே கிளம்பிவிட்டாய்?" என்றார் சித்தி. கொல்லன் பட்டறை ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தூர்மலே கணவாய்க்கும் ஆஸ்பின் கணவாய்க்கும் சாலை பிரியும் முச்சந்திதான் ஊரே. ஒரு தேவாலயம், கற்பலகைக் கூரை வேய்ந்த வீடுகள், வியர்வையோடு வந்து இறங்கும் சைக்கிள்காரர்கள். இங்கேதான் பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் யூஜின் கிறிஸ்தோஃப் 1913 ஜூலை 9 அன்று சைக்கிளைத் தோளில் சுமந்தபடி நடந்து வந்து சேர்ந்தார்.

பிரான்ஸைச் சுற்றிப் பல நாள், நாளுக்கொரு கட்டமாக நடக்கும் சைக்கிள் பந்தயம் டூர் டி பிரான்ஸ். அன்றைய கட்டம் பயோனிலிருந்து லுஷோன் வரை, 326 கிலோமீட்டர். முந்தைய ஆண்டு வென்ற டெஃப்ரே பாதியில் விலகிவிட்டார். மொத்தக் கணக்கில் கிறிஸ்தோஃபின் கை ஓங்கியிருந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலேயைக் கடந்து இறங்கும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. வேறு சைக்கிள் வாங்கிக்கொள்ளக் கூடாது, யாரிடமும் உதவி பெறக் கூடாது, பழுதை வீரரே சரிசெய்ய வேண்டும் என்பது விதி. பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் மலைப்பாதையில் நடந்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். ஊருக்குள் ஒரு சிறுமி பட்டறைக்கு வழிகாட்டினாள்.

இந்த இடத்தில் அவருடைய பழைய தொழில் கைகொடுத்தது. பாரிஸை ஒட்டிய மலகோஃபில் 1885இல் பிறந்த கிறிஸ்தோஃப், பந்தயத்துக்கு வருமுன் பூட்டு வேலை பழகியவர். இரும்பைக் காய்ச்சவும் அடித்து இணைக்கவும் தெரிந்த கை. கொல்லர் ஒதுங்கி நின்று வாயால் வழி சொல்லலாம், சம்மட்டியைத் தொடக் கூடாது. போட்டி அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று கண்காணித்தார்கள். சில மணி நேரம் உலையோடு மல்லுக்கட்டினார். இரண்டு கையும் வேலையில் இருந்தபோது ஒரு சிறுவன் துருத்தியை ஊதிவிட்டான். அது வெளியார் உதவியாம்! பத்து நிமிடத் தண்டனை போட்டார்கள். பிறகு அதை மூன்றாகக் குறைத்தார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தை இழந்து நிற்கும் மனிதரிடம் மூன்று நிமிடத்தைப் பிடுங்கிய அந்தக் கணக்குப்பிள்ளைத்தனத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஃபோர்க்கைப் பொருத்திக்கொண்டு, ஆஸ்பின், பெய்ரசூர்து கணவாய்களையும் ஏறி இறங்கி லுஷோன் போய்ச் சேர்ந்தார். பாரிஸில் பந்தயம் முடிந்தபோது ஏழாம் இடம். பட்டம் பெல்ஜியத்தின் ஃபிலிப் திஸ்ஸுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், 1912இல் நேரக் கணக்கு இருந்திருந்தால் கிறிஸ்தோஃப் வென்றிருப்பார். அப்போது ஒவ்வொரு கட்டத்திலும் வந்த இடத்தை வைத்துப் போடும் புள்ளிக் கணக்கு. 1913இல் நேரக் கணக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அந்த நேரமே அவரைக் கவிழ்த்தது.

பட்டறை இருந்த இடத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. அவர் இங்கே ஃபோர்க்கைப் பழுதுபார்த்ததையும், வென்றிருக்க வேண்டிய பந்தயத்தைக் கைவிடாததையும் அதில் பொறித்திருக்கிறார்கள். ஊரில் அவருக்குச் சிலையும் உண்டு. நான் நின்றிருந்தபோது சைக்கிளில் வந்த ஒரு முதியவர், பலகையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, குனிந்து தன்னுடைய ஃபோர்க்கை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

ஆனால் முறிந்த ஃபோர்க்கை மட்டும் வைத்து அவரை நினைவில் கொள்வது நியாயமில்லை. இத்தாலியில் நடந்த 1910 மிலான்–சான் ரெமோ பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டிய மலைப்பாதை. விறைத்துப் போனவரை ஒரு விடுதிக்காரர் உள்ளே இழுத்துப் போர்வை சுற்றி உட்கார வைத்தார். கொஞ்சம் சூடேறியதும் ஒரு நீளக் கால்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி சைக்கிளில் ஏறி, முதலாவதாகவே வந்தார். அதற்குக் கொடுத்த விலை, ஒரு மாத மருத்துவமனை வாசமும் பழைய உடல்நிலை திரும்பாத நீண்ட காலமும். சிலை வைப்பதென்றால் அந்த விடுதி வாசலில்தான் வைக்க வேண்டும் என்பேன்.

இடையில் போர் வந்தது. 1919 ஜூலை 19 அன்று கிரெனோபிளில், மொத்தக் கணக்கில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையை டூரில் முதன்முதலாக அணியும் பேறு அவருக்குக் கிடைத்தது. போட்டியை நடத்திய லோட்டோ நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சாகும். சட்டையின் நிறம் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். வழிநெடுக ஜனங்கள் மஞ்சள் குருவி என்று கேலி செய்தார்கள். 34 வயதில், பாரிஸை எட்ட இரண்டே கட்டங்கள் மிச்சமிருக்கையில், வாலன்சியென் அருகே ஃபோர்க் மறுபடி முறிந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் போயிற்று, மூன்றாம் இடம். லோட்டோ வாசகர்கள் அவருக்குக் காசு சேர்த்து அனுப்பினார்கள். 1922இலும் ஆல்ப்ஸ் மலையில் ஒரு ஃபோர்க் போனது. டூரை அவர் ஒருபோதும் வெல்லவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: தூர்மலே சாலை குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும், எனவே கோடையே சரி. பக்கத்திலுள்ள கம்பான் ஊரில் அப்போது ஆளுயரத் துணிப் பொம்மைகளைத் திண்ணையிலும் ஜன்னலிலும் உட்கார வைத்திருப்பார்கள், பார்க்கத் தவறாதீர்கள். செந்த் மரியிலிருந்து கணவாய் உச்சிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் ஏற்றம். நான் காரில்தான் போனேன். அவர் நடந்து இறங்கிய பக்கம் இதுதான். கடைசி வளைவுகளில் பாதை சரியும் செங்குத்தைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது கிராமத்தில் இன்னொரு முறை வண்டியை நிறுத்தச் சொன்னேன்.