எரிப்பதற்கென்றே நடுவது

எங்கள் தோட்டப்புற நகரில் மின்சாரத்துக்காகப் பயிர் வளர்க்கும் பேச்சு எழும்போதெல்லாம், செம்பனை ஆலையைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் எரித்து ஆலை தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்வது உண்மைதான். ஆனால், அது எண்ணெய்க்காக நட்ட மரத்தின் மிச்சம். எரிப்பதற்கென்றே நிலத்தை ஒதுக்கி யானைப்புல்லோ அக்காசியா மரமோ வளர்ப்பது வேறு கணக்கு.

ஐரோப்பாவில் இதற்காக வளர்க்கும் வில்லோ மரத்தை ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், இலை உதிர்ந்தபின் வெட்டுகிறார்கள். மிஸ்காந்தஸ் என்ற புல், தன் சத்தில் பெரும்பகுதியை வேர்க்கிழங்குக்கு இறக்கிவிட்டுக் காய்ந்து நிற்கும்போதுதான் அறுவடையாகிறது. ஆகவே உரத்தேவை குறைவு. ஆண்டுதோறும் உழாததால் மண்ணும் அவ்வளவாக அரிக்கப்படுவதில்லை. நம் நாட்டில் அப்படியொரு பருவமே கிடையாது. மாட்டுக்கு யானைப்புல் அறுப்பவர்களைக் கேட்டால் தெரியும்: சில வாரங்களில் ஆள் உயரம் வளர்ந்துவிடும் அந்தப் புல்லைப் பச்சையாகவே அறுக்கிறோம், கட்டைத் தூக்கினால் ஈரக்கனம் தோளை அழுத்தும். அந்தப் பச்சையோடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) நிலத்தைவிட்டுப் போய்விடுகின்றன. ஈடுகட்ட இடும் தழைச்சத்து உரத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. போதாததற்கு, அந்தச் சாம்பல்சத்தே கொதிகலனில் உருகிக் குழாய்களில் படிந்து தொல்லை தரும்.

நிலத்தின் அளவையும் பார்க்க வேண்டும். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 15 டன் உலர்ந்த பொருள், 25 விழுக்காட்டுத் திறனுள்ள நிலையம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு மெகாவாட்டை ஆண்டு முழுவதும் தர ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டும். விளைச்சல் இரட்டிப்பானாலும் ஐந்நூறுக்குக் குறையாது. அந்த நிலம் எங்கிருந்து வரும்? மக்காத இலைதழை ஆழமாகத் தேங்கிய கரிச்சதுப்புக் காட்டை அழித்துச் செம்பனை நட்டு பயோடீசல் எடுத்தால் வெளியேறிய கார்பனை ஈடுகட்ட 400 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று 2008இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. டீசலுக்குப் பதில் மின்சாரம் என்பதற்காகக் காட்டுமண்ணிலிருந்து வெளியேறும் கார்பன் குறைந்துவிடப் போவதில்லை.

என்னைக் கேட்டால், முதலில் செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களைத்தான் கவனிக்கச் சொல்வேன். குமிழியிட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குளத்தை மூடி, வெளியேறும் மீத்தேனைப் பிடித்து எஞ்சினை ஓட்டலாம். அதற்குப் புதிதாக ஓர் ஏக்கர்கூட நட வேண்டியதில்லை.