ஓங்கில் கரையேறினால்: சென்னிமலைப் போர்வையும் லாரித் தார்ப்பாயும்

கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூருக்கும் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துக்கும் கொங்குப் பக்கமிருந்து போகிற வண்டிகளுக்குக் கணக்கில்லை. அந்தக் கரைகளில்தான் ஓங்கில் என்று மீனவர்கள் சொல்லும் டால்பினும், எப்போதாவது திமிங்கிலமும் ஒதுங்குகின்றன. 2016 ஜனவரியில் திருச்செந்தூரை ஒட்டிய கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் பாடுபட்டுக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டும் பல திரும்பக் கரைக்கே வந்தன. 40-க்கும் மேற்பட்டவை செத்துப்போயின.

அவை திரும்பி வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பைலட் திமிங்கிலம் உறவுக் கூட்டமாகவே வாழும். கரையில் கிடப்பது கத்தினால், கடலில் விட்டது அந்தச் சத்தத்தைத் தேடி வந்துவிடும். அதனால் கூட்டமாக ஒதுங்கினால் ஒவ்வொன்றாகத் தள்ளக் கூடாது. பிழைக்கக்கூடியவற்றை ஆழமில்லாத தண்ணீரில் ஒன்றாக நிறுத்தி, ஒரே நேரத்தில் விட வேண்டும்.

தனியாக ஒதுங்கிய ஒன்றையும் பார்த்தவுடன் தள்ளிவிடுவது தப்பு. எழ முடியாமல் ஒரே பக்கமாகப் படுத்த காங்கேயம் மாட்டுக்கு என்ன ஆகும் என்று பட்டிக்காரருக்குத் தெரியும்: சொந்த எடையே தொடைச் சதையை நசுக்கிவிடும், அதனால்தான் புரட்டிப் புரட்டிப் போடுகிறோம். தண்ணீரிலேயே மிதந்து வாழ்ந்த உடம்புக்கு இது இன்னும் மோசம். நெஞ்சு அமுங்கி மூச்சு திணறும். நசுங்கிய சதையிலிருந்து வரும் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை வேறு. தண்ணீருக்குள் குளிரைத் தாங்க உதவிய அதே கொழுப்பு, வெயிலில் உள்சூட்டை வெளியேவிடாது. ஆக, முதல் ஒரு மணி நேர வேலை மூன்றுதான்: நிமிர்த்தி வைப்பது, குளிர வைப்பது, மூச்சுக்கு வழிவிடுவது.

அதற்கும் முன்னால் போன். தமிழகக் கடலோரக் காவல் குழுமம் (போலீஸ்) 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, எதுவும் கிடைக்காவிட்டால் 112. ஓங்கில், திமிங்கிலம் எல்லாமே 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் உயிர்கள், முடிவெடுப்பது வனத்துறை. ஒதுங்கும் கடல் உயிர்களைக் கையாள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. தன்னார்வலர்கள் அதிகாரிகள் சொல்கிறபடி கை கொடுக்கலாம், அவ்வளவே.

கை கொடுக்கும்போது என்ன சாமான் வேண்டும்? பெரும்பாலானது நம்ம ஊரிலேயே கிடைப்பதுதான். துவைத்துத் துவைத்து மெலிந்த சென்னிமலைப் போர்வை ஒரு ஓங்கிலுக்கு நான்கைந்து. புதுத்துணி வேண்டாம், கஞ்சியும் சாயமும் ஈரத்தோடு தோலில் இறங்கும். பவானி ஜமக்காளமும் வேண்டாம், கனமும் அதிகம், முரடும் அதிகம். அந்தத் தோல் நகம் பட்டாலே கீறிக்கொள்ளும். பக்கெட் ஐந்தாறு, மண்வெட்டி இரண்டு, நிழலுக்கு ஒரு பந்தல் துணி, முகக்கவசம், கையுறை. மருந்தடிக்கும் கைத்தெளிப்பானைத் தயவுசெய்து தூக்கி வந்துவிடாதீங்க. எத்தனை முறை கழுவினாலும் பூச்சிமருந்து வாடை போகாது. கோயமுத்தூர் மோட்டாரும் இங்கே தேவையில்லை: சத்தமும் புகையும் மிருகத்தை மிரட்டும், உப்புத்தண்ணீர் மோட்டாரையும் தின்னும்.

ஸ்ட்ரெச்சரை நாமக்கல், சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் தைப்பவர்களிடமே தைத்துக்கொள்ளலாம். கெட்டிக் கேன்வாஸ், நீளம் இரண்டரை மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். பிளாஸ்டிக் தார்ப்பாய் வழுக்கும், சூட்டையும் பிடித்து வைக்கும். இரண்டு நீளப் பக்கமும் பிடித்துத் தூக்கும் குழாய் நுழையும் அளவுக்கு மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். தலைப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு பக்கமும் முன்துடுப்புக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் ஸ்பாஞ்ச் வைத்துத் தைக்கணும். ஓட்டை இல்லாமல் தூக்கினால் துடுப்பு உடம்போடு மடங்கி மூட்டு பிசகும். வளர்ந்த ஓங்கில் 150, 200 கிலோ வரும், எட்டுப் பேராவது வேண்டும். இதைவிடப் பெரியதற்கு இந்த ஸ்ட்ரெச்சர் ஆகாது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவது நோயாளியை எழுப்பாமல் படுக்கை விரிப்பு மாற்றுகிற மாதிரி வேலைதான் என்று நினைத்து அவசரப்படக் கூடாது. துணியைப் பாதி சுருட்டி வயிற்றோரம் ஒட்ட வைத்து, மெல்ல ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சுருளை இழுத்து, துடுப்புகளை ஓட்டையில் இறக்கிய பிறகே குழாயைச் செருகணும். வாலையோ துடுப்பையோ பிடித்து இழுத்தால் எலும்பு விலகும். கயிறு கட்டினால் தோல் உரியும்.

காத்திருக்கும் நேரத்தில் மிருகத்தை வயிறு கீழாக நிமிர்த்தி, முன்துடுப்புகளுக்கு அடியில் குழி தோண்டித் தண்ணீர் விடுங்க. ஈரப்போர்வையை முதுகு முழுக்கப் போடலாம், ஆனால் தலை உச்சியில் இருக்கும் மூச்சுத்துளை திறந்தே இருக்கணும். பக்கெட் தண்ணீர் அதற்குள் போனால் நேரே நுரையீரலுக்குத்தான். துடுப்புகளிலும் வாலிலும் அடிக்கடி தண்ணீர் ஊற்றுங்க, அதிகச் சூடு வெளியேறுவது அங்கேதான். மூச்சை எண்ணி எழுதி வையுங்க: ஓங்கில் நிமிடத்துக்கு இரண்டு முதல் ஐந்து தடவை விட்டால் சமாளிக்கிறது, பத்தைத் தாண்டினால் நிலைமை மோசம். மூச்சுத்துளைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீங்க, அந்தச் சாரலில் மனிதருக்கும் தொற்றுகிற கிருமி இருக்கலாம். அலையடிக்கும் இடத்தில் மிருகத்துக்கும் கரைக்கும் நடுவே நிற்கக் கூடாது, ஒரு அலையில் காலை நசுக்கிவிடும். செல்பிக் கூட்டத்தை ஒதுக்க ஒருத்தரைத் தனியாகவே நிறுத்தணும். உண்மையில் மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

வனத்துறை மருத்துவர் விடலாம் என்றால் இடுப்பளவுத் தண்ணீரில் ஸ்ட்ரெச்சரிலேயே நிமிர்த்திப் பிடிக்கணும். மரத்துப்போன சதைக்கு ரத்தம் திரும்ப அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். தானாக நிமிர்ந்து, தானாக மேலெழும்பி மூச்சு விடும்வரை கையை எடுக்கக் கூடாது. அதற்குள் விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கும். தாயில்லாத பால்குடிக் குட்டியை விட்டால் பிழைக்காது. பெரிய திமிங்கிலத்துக்குப் பெரும்பாலும் நிழலும் அமைதியும் கொடுப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செத்துக் கிடந்தாலும் தகவல் சொல்லுங்க. உப்பிய உடலைக் குத்தக் கூடாது, உள்ளே அடைபட்ட வாயு வெடிக்கும். பல்லோ எலும்போ நினைவுக்கு என்று எடுத்து வந்தால் வழக்கு வரும். திமிங்கில வாந்தி என்று வாட்ஸ்அப்பில் விலை பேசும் அம்பருக்கும் அதே கதிதான். படம் நான்கு போதும்: முழு உடல் பக்கவாட்டில், தலை, முதுகுத் துடுப்பு, வாலருகே அடிவயிறு. கடைசிப் படத்தில்தான் ஆணா பெண்ணா என்று தெரியும். நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வால் நடுப்பள்ளம்வரை, உடம்பின் வளைவில் டேப்பைப் படியவிடாமல், பக்கத்து மணலில் நேர்கோடாக அளக்கணும். கழுத்திலோ துடுப்படியிலோ வலைத் தழும்பு இருந்தால் அதைத் தனியே ஒரு படம்.