வாசற்படியில் நின்றுபோகும் கால்கள்

வடசென்னையில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று சுற்றிக்கொண்டிருப்பேன். பக்கவாதம் வந்தவர்கள்தான் அதிகம், அடுத்தது பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய். கை கால் பயிற்சிக்குத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் உள்ளே நுழைந்ததும் காதில் விழுவது நோயாளியைப் பற்றிய புகார். "நடிக்கிறாரு மேடம்." "வேணும்னே பண்றாரு." "எல்லாம் கொழுப்பு." மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வீட்டார் கண்ணுக்குக் குணக்கேடாகத் தெரிகிறது. பயிற்சிக்குச் செலவாகும் நேரத்தைவிட இதை எடுத்துச் சொல்லவே எனக்கு அதிக நேரம் ஆகிறது. ஆகட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிய பெரியவர் ஒருவருக்குப் பார்க்கின்சன். ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாவது மாடி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறி வந்துவிடுவார். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் கால் இரண்டும் நகராது. "ரெண்டு மாடி ஏறத் தெரியுது, வாசப்படி தாண்டத் தெரியலையா?" என்று மருமகளுக்கு ஆத்திரம். கேள்வி நியாயமானது. ஆஸ்பத்திரியின் அகலமான வராண்டாவில் அவர் நன்றாகவே நடந்து காட்டுவார் என்பதால் சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது.

நடக்கும்போது நாம் யாரும் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பதில்லை. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா அதைப் பார்த்துக்கொள்கிறது. அதற்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். பார்க்கின்சனில் டோபமைன் தரும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் தானாக வரும் நடை தடுமாறுகிறது. வாசல், குறுகலான சந்து, திரும்ப வேண்டிய இடம் என்றால் சிலருக்கு அப்படியே உறைந்துவிடுகிறது. படிக்கட்டில் கால் வைக்க வேண்டிய இடத்தைக் கண் காட்டிக்கொடுக்கிறது. பழுதான பகுதியை அதிகம் நம்பாமல் மூளை வேறு வழியில் காலைத் தூக்கிவிடுகிறது.

வாசலுக்கு இரண்டு பக்கமும் ஓர் அடிக்கு ஒன்றாகக் கலர் டேப் ஒட்டினோம். "தரையப் பாக்காதீங்க நைனா, கோட்டத் தாண்டுங்க" என்றேன். தாண்டினார். மருமகள் இன்னொரு தரம் நடக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாருக்கும் கோடு பலிக்காது. சிலருக்குத் தாளம் தட்டினால்தான் கால் எழும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டையாகிவிடுவதையும் சோம்பேறித்தனம் என்றே வைத்திருந்தார்கள். மீன் குழம்புச் சோறு முடித்த கையோடு, மூளைக்குப் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையைப் போடுவது அந்த வீட்டு வழக்கம். அந்த மருந்தும், மீனின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் குடலிலும் மூளையின் நுழைவாயிலிலும் ஒரே வழிக்குப் போட்டி போடுகின்றன. டாக்டரைக் கேட்டுவிட்டு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாற்றினார்கள். பிற்பகல்கள் தேறின.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்தது ஆறு பேரை வைத்துத்தான். அவர்களில் சிலரைத் தெருவில்தான் கண்டார். நோயாளியை அவர் புழங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு இருக்கும் பிடிவாதத்துக்கு இது பெரிய ஆதரவு.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேனாக இருந்தவருக்கு மூளையின் வலது பக்கத்தில் பக்கவாதம். தட்டின் இடது பாதியில் இருப்பதைத் தொடமாட்டார். "நான் வச்ச பொரியலத் தொடக்கூட மாட்டேங்குறாரு" என்று மனைவிக்கு வருத்தம். பார்வை கெடவில்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை கவனிப்பதில்லை. இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர் 1978-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை நினைத்துச் சொல்லச் சொன்னபோது, இப்படிப்பட்ட நோயாளிகள் வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். எதிர்முனையில் நிற்பதாகக் கற்பனை செய்யச் சொன்னதும், முன்பு விட்டவற்றைச் சொன்னார்கள்.

இவரிடம் எம்.சி. ரோட்டைக் கேட்டேன். ஒரு முனையிலிருந்து வலப்பக்கக் கடைகளாக வந்தன. மறுமுனையிலிருந்து கேட்டதும் மற்ற வரிசை வந்தது, அவர் வேலை பார்த்த கடை உட்பட. முதல் தடவை அதைச் சொல்லாமல் விட்டிருந்தார்! பக்கத்தில் நின்று கேட்ட மனைவிக்கு அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, "இந்தப் பக்கம் பாருங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

நடையும் கவனமும் கெட்டால் இப்படிக் காட்டிப் புரியவைக்கலாம். குணமே மாறினால் கடினம். தண்டையார்பேட்டையில் டிபன் கடை அம்மா ஒருவர், மூட்டுவலிக்காக என்னிடம் வந்தவர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், வாடிக்கையாளர்களைக் கண்டபடி திட்டத் தொடங்கினார். இனிப்பைக் கண்டால் கட்டுப்பாடில்லை. பேரனுக்கு அடிபட்டபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் எவ்வளவு பாக்கி என்பது மட்டும் மனப்பாடம். ஞாபகம் இவ்வளவு நன்றாக இருந்ததால் நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை, தாயத்து கட்டினார்கள். என் வற்புறுத்தலில் நரம்பியல் மருத்துவரிடம் போனார்கள். மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் சுருங்கும் டிமென்ஷியா, அதாவது மூளைத் தேய்வு நோய். 1892-லேயே ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் இவ்வகை நோயை விவரித்திருக்கிறார். தடுத்து நிறுத்த இன்றும் மருந்தில்லை.

கல்லாவை மகள் எடுத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்லிவிடுகிறார்: "அம்மாவுக்கு மூளையில நோவு. திட்டினா மனசுல வச்சுக்காதீங்க." பழைய வாடிக்கையாளர்களில் பலர் இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள்.