மேலே கதவு இருக்கிறது, கீழே இல்லை

2025 மே மாதம் அம்மா சென்னையிலிருந்து வந்து இறங்கினார். நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து ஏர்ட்ரெயின் பிடித்து நகரத்தின் ஜமைக்கா பகுதி வரை வந்தோம். அது ஓட்டுநர் இல்லாத ரயில். பிளாட்பார ஓரம் முழுக்க அடைப்பு. ரயில் வந்து நின்ற பிறகுதான் அந்த அடைப்பிலிருக்கும் கதவு திறக்கும். அம்மாவுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலுக்குப் போய்வருகிறவர். சென்னையில் சுரங்க நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கதவு உண்டு.

அங்கிருந்து பெட்டிகளோடு லிஃப்டில் கீழே இறங்கினோம், நகரத்தின் சுரங்க ரயிலான சப்வேயில் 'ஈ' (E) தட ரயிலுக்கு. சட்ஃபின் புலவார்ட் நிலையம். முதலில் காற்று வந்தது, அப்புறம் சத்தம், அப்புறம் ரயில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் பதிந்துவிட்டது. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: "ஏன்டி, மேல அவ்வளவு அழகா கதவு போட்டிருக்காங்களே, கீழ ஏன் போடல?"

"இது பழசும்மா" என்றேன்.

சொன்ன பிறகு அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நியூயார்க் சப்வே 1904இல் ஓட ஆரம்பித்தது, சரி. ஆனால் நாங்கள் நின்ற அந்த நிலையம் திறந்தது 1988இல். அதற்கு முந்தைய வருடமே சிங்கப்பூரில் சுரங்க நிலையங்களில் கதவோடுதான் ரயிலை விட்டார்கள். மேலே இருக்கும் ஏர்ட்ரெயின் 2003இல் வந்தது. ஒரே இடத்தில், ஒரு லிஃப்ட் தூரத்தில், ஒரு பிளாட்பாரத்தில் கதவு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

எனக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை.

2016 ஜூலை. ஏழு மாத கர்ப்பம். ஞாயிற்றுக்கிழமை ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு, 7ஆம் எண் ரயிலில் ரூஸ்வெல்ட் அவென்யூ வந்து, ஈ பிடிக்கக் கீழே இறங்கினேன். கோடையில் அந்தப் பிளாட்பாரங்களில் நின்றவர்களுக்குத் தெரியும். ரயிலுக்குள் ஏசி ஓடும், அது கக்குகிற வெப்பமெல்லாம் வெளியே நிற்கிற நம் மேல்தான். ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்க்க மஞ்சள் பட்டை வரை போனேன். புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்குமே, பார்வையில்லாதவர்கள் காலால் உணர்ந்துகொள்வதற்காக, அந்தப் பட்டை. அந்தப் புள்ளிகளில் பல தேய்ந்து மழுங்கியிருந்தன, இடுக்குகளில் சூயிங்கம் கறுத்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அப்புறம் ஓரங்களிலிருந்து கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"மாமி! மாமி!" என்று யாரோ கத்தினார்கள். ஊரில் இருக்கிறேன் என்றே ஒரு கணம் நினைத்தேன். தோள்பை வாரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். சூரோ என்கிற இனிப்புப் பலகாரம் விற்கிற அம்மாள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இங்கே பெண்களை அன்பாக 'மாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைத் தூணில் சாய்த்து உட்கார வைத்து, தன் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பிடரியில் வைத்து அழுத்தினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவரைத் தேடி இரண்டு மூன்று ஞாயிறுகள் போனேன். கிடைக்கவில்லை. அன்று வயிற்றில் இருந்தவளுக்கு அம்மா வந்தபோது எட்டு வயது.

அதனால்தான், கதவு வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் அது 'தள்ளிவிடுகிறவர்கள்' பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2022 ஜனவரியில் டைம்ஸ் ஸ்கொயர் நிலையத்தில் ஒரு பெண்ணை ரயில் முன்னால் தள்ளிக் கொன்றார்கள். ஆசியப் பெண். அந்த வாரம் என் தோழிகள் எல்லாரும் சுவரோடு முதுகை ஒட்டித்தான் நின்றோம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் சப்வேயை நடத்தும் எம்.டி.ஏ.வின் கணக்குப்படி 2021இல் மட்டும் 1,267 முறை ஆட்கள் தண்டவாளத்துக்குப் போயிருக்கிறார்கள். அதில் தள்ளிவிடப்பட்டவர்கள் மிகச் சிறு பங்கு. மயங்கி விழுகிறவர்கள், தடுமாறுகிறவர்கள், விழுந்த போனை எடுக்கக் குதிக்கிறவர்கள், வாழப் பிடிக்காமல் இறங்குகிறவர்கள், இவர்களும் மனிதர்கள்தானே? மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளம் 600 வோல்ட்டுக்கு மேல். ரயில் வராவிட்டாலும் கீழே ஆபத்துதான். கதவு காரணம் கேட்காது. யாராக இருந்தாலும் தடுக்கும்.

சரி, ஏன் போடவில்லை? எம்.டி.ஏ. இதற்காக மூவாயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு ஆய்வே செய்து வைத்திருக்கிறது. 2022 தொடக்கத்தில் அது வெளியே வந்தது. 472 நிலையங்களில் 128இல்தான் கதவு போட முடியும், அதற்கே 700 கோடி டாலர் ஆகும் என்றது. முதலில் படித்தபோது இதெல்லாம் தட்டிக்கழிக்கிற பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அதன் பிறகு கண் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

ரூஸ்வெல்ட் அவென்யூ 1933இல் திறந்தது. வரிசையாக இரும்புத் தூண்கள், பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து விளிம்பெல்லாம் உருண்டு போனவை. இப்படிப்பட்ட பழைய நிலையங்கள் பலவற்றில் தூண்கள் ஓரத்தை நெருங்கி நிற்கும். நடுவில் ஒரு கதவுச் சுவரை நிறுத்தினால் சக்கர நாற்காலி போகவோ திரும்பவோ இடம் இருக்காது. பிளாட்பார விளிம்பு அந்தக் காலத்துக் கான்கிரீட். கதவின் எடையையும் ரயில் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தையும் அது தாங்காது, இடித்துக் கட்ட வேண்டும். சில நிலையங்கள் வளைவில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட எனக்குப் புரியவைத்தது பெட்டிக் கணக்குதான். அறுபது அடிப் பெட்டி பத்து சேர்ந்தாலும் 600 அடி ரயில், எழுபத்தைந்து அடிப் பெட்டி எட்டு சேர்ந்தாலும் 600 அடி ரயில். ஆனால் பெட்டிக்கு நான்கு கதவு வீதம் முதல் ரயிலில் ஒரு பக்கம் 40 கதவு, இரண்டாவதில் 32. 'ஏ' (A) தடத்தில் இரண்டு விதமும் ஓடுகின்றன. பிளாட்பாரக் கதவை எந்த ரயிலுக்குப் பொருத்துவது?

இதெல்லாம் உண்மையான தடைகள். இன்னொரு நியாயமும் இருக்கிறது. நிலையங்களில் மூன்றில் இரண்டு பங்கில் லிஃப்ட் வசதியே இல்லை; 2055க்குள் 95 சதவீதத்தில் செய்துவிடுவோம் என்று வழக்காடியவர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தள்ளுவண்டியை நானும் யாரோ ஒரு புண்ணியவானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேறிய நாட்கள் எத்தனையோ. கதவுக்காக லிஃப்ட் தள்ளிப்போகும் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். இதை யோசிக்காமல் கதவு கேட்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

ஆனால் '344இல் முடியாது' என்பது '128இல் முடியும்' என்பதை எப்படி அழிக்கும்? 'எல்' (L) தடம் இருக்கிறது, 7ஆம் எண் தடம் இருக்கிறது. மற்ற தடங்களோடு கலக்காதவை, கதவுகள் ஒரே இடத்தில் வந்து நிற்கிற ரயில்கள், கணினி வழியாக ஓட்டப்படுபவை. ஓட்டுநர் கண் கணக்கில் நிறுத்தும் ரயில் கதவுக்கு நேராக வந்து நிற்பது கஷ்டம். இங்கே அந்தக் கவலை இல்லை. 1900இல் திறந்த பாரிஸ் முதலாம் தடத்தில் 2012க்குள் எல்லா நிலையத்திலும் மார்பளவுக் கதவு போட்டு முடித்துவிட்டார்கள். முக்கால்வாசி வேலை ராத்திரியில், ஓடுகிற தடத்தை நீண்ட நாள் மூடாமலே. ஹாங்காங்கில் பழைய சுரங்க நிலையங்களுக்குக் கதவு வாங்க, ஆக்டோபஸ் என்கிற பயண அட்டையில் போகிறவர்களிடம் பயணத்துக்குப் பத்து ஹாங்காங் சென்ட் வீதம் வசூலித்தார்கள். நியூயார்க்கில் கேட்டால் நான் தருவேன். முணுமுணுக்காமல் தருவேன்.

டைம்ஸ் ஸ்கொயர் கொலைக்கு அடுத்த மாதம் மூன்று நிலையங்களில் சோதனைக் கதவு என்று எம்.டி.ஏ. அறிவித்தது. 7இன் டைம்ஸ் ஸ்கொயர், எல்லின் தேர்ட் அவென்யூ, மூன்றாவது இதே சட்ஃபின் புலவார்ட். அம்மா கேள்வி கேட்ட அதே பிளாட்பாரம். மூன்று வருடம் கழித்து அம்மா வந்தபோதும் அங்கே மஞ்சள் பட்டைதான்.

இதற்கிடையில் 2024 முதல் சில நிலையங்களில் மஞ்சள் இரும்புத் தடுப்பு வைத்து வருகிறார்கள். 2025இல் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் வைப்போம் என்று ஆளுநர் கேத்தி ஹோக்கல் சொன்னார். ரயில் கதவு வருகிற இடம் மட்டும் திறந்திருக்கும், மற்ற இடத்தில் கம்பி. இது கதவு ஆகாது என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் இல்லை. கண் இருட்டும்போது கைக்கு ஒரு கம்பி அகப்பட்டிருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கம்பி வைத்தாயிற்று என்று கதவை மறந்துவிடக் கூடாது.

ஆகஸ்டில் அம்மாவை வழியனுப்பப் போனோம். அதே ஈ, அதே சட்ஃபின். ரயிலிலிருந்து இறங்கியதும் அம்மா பேத்தியின் கையைப் பிடித்தவர், ஓரத்திலிருந்து தள்ளி உள்பக்கமாகவே நடத்திக் கூட்டிவந்தார். லிஃப்டிலும் விடவில்லை. மேலே ஏர்ட்ரெயின் பிளாட்பாரத்துக்கு வந்து, மூடியிருந்த கதவைப் பார்த்த பிறகுதான் கையை விட்டார். மகள் ஓடிப்போய்க் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.