படிவத்தில் இல்லாத கல்கட்டு

தோட்டக்கலைத் துறையில் எனக்குக் கிடைத்த முதல் இடம் கொடைக்கானல் மேல்மலை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று ஊர் ஊராகப் போய் சாகுபடிப் பரப்பு, மகசூல், விலை மூன்றையும் எழுதி வர வேண்டும்.

ஒரு பெருமழைக்கு அப்புறம் பூம்பாறையில் ஓர் அம்மாவின் பூண்டு நிலத்துக்குப் போனேன். அடுக்கடுக்காக இறங்கும் நிலம். சரிந்த கல்கட்டை அவரும் மகனும் கல் கல்லாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக அதே வேலை.

“இதுக்குக் கூலி போட்டா எவ்வளவும்மா ஆகும்?”

“இதுக்கு யாரு தம்பி கூலி தருவா? கட்டாம விட்டா கீழ்க்காட்டுல மண்ணு இறங்கிரும்.”

என் படிவத்தில் அதை எழுத இடமே இல்லை. அந்தக் கட்டு நிற்பதால்தான் மழைத்தண்ணீர் ஓடாமல் ஊறுகிறது. இந்த மலையில் ஊறுகிற தண்ணீர்தான் பெரியகுளத்துக்கு வராக நதியாகப் போகிறது. பழனிப் பக்கம் வரதமாநதி அணைக்கும் போகிறது.

பூண்டுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இறக்குமதிக்கு 100 சதவீத வரி, சீனப் பூண்டுக்கு 2014 முதல் தடை. இரண்டும் கட்டாயம் வேண்டும். 2019-இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்த அம்மா வடுகபட்டிச் சந்தையில் மூட்டையை இறக்கினால், பக்கத்திலேயே மத்தியப் பிரதேசப் பூண்டு. அதற்கு வரி போட முடியாது, போடவும் கூடாது, அவர்களும் விவசாயிகள்தான். அங்கே சமநிலம், டிராக்டர் ஓடும். இங்கே எல்லாம் கையும் முதுகும்தான். சந்தை விலையில் கல்கட்டுக்கு ஒரு பைசா சேர்வதில்லை.

ஜப்பான் 2000-இலேயே இதற்கு வழி செய்தது. மலைச்சரிவு விவசாயிகள் ஊராகச் சேர்ந்து, நிலத்தையும் வாய்க்காலையும் ஐந்து வருடம் பராமரிப்போம் என்று ஒப்புக்கொண்டால், பரப்புக்கு ஏற்ப அரசு நேரடியாகப் பணம் தருகிறது. சுற்றுச்சூழலுக்கும் பின்தங்கிய பகுதிக்கும் தரும் இத்தகைய உதவிக்கு உலக வர்த்தக அமைப்பின் விதிகளிலேயே இடம் உண்டு. நம் மேல்மலைக்கும் அப்படி ஒன்று வந்தே ஆக வேண்டும்.

வந்தால் முதலில் கணக்குக் கேட்பார்கள். அதனால் தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்: எந்த ஊர், எத்தனை அடிக் கட்டு, எத்தனை ஆள், எத்தனை நாள். முதல் வரி அந்த அம்மாவின் நிலம்.